சனீஸ்வரனுக்கு மூன்று பேய், இரண்டு வௌவால்

பகல் பன்னிரண்டு மணி இருபது நிமிடம். முதலில் கண்ணில் பட்டது ஓர் அணில். லண்டன் அணில்: சாம்பல் நிறம், பூனைக்குட்டி அளவு. எங்கள் பின்வளவின் மரவேலியிலிருந்து இறங்கி, சீமெந்துத் தரையில் வைத்திருந்த காகிதத் தட்டை ஒருமுறை சுற்றிவந்தது. தட்டில் சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் கறி, பயற்றங்காய், ஒரு கரண்டி தயிர், தயிரின் மேல் ஒரு சிட்டிகை எள், ஓரத்தில் ஓர் அப்பளம். அணில் அப்பளத்தை மட்டும் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வேலிக்கு அப்பால் போனது.

"உது காகமில்லை," என்றார் அப்பா, யாரும் கேட்காமலே.

அவர் குசினி வாசலில், வேட்டியும் அதற்குமேல் பெட்ரோல் நிலையத்தில் கொடுத்த கம்பளிச் சட்டையுமாக நின்றார். முந்தைய இரவுக்குப் பிறகு ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. அம்மா அவருக்குப் பின்னால் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவின் தம்பி, என்னுடைய மாமா, யன்னலுக்குள்ளால் தலையை நீட்டினார்.

"அத்தான், சனிக்கிழமை எண்டபடியால் காகமும் லீவில நிக்குதோ தெரியாது."

"நீ உள்ளுக்க போ," என்றார் அம்மா.

தென்லண்டனில் மிச்சம் என்ற ஊரில், டிராம் பாதைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது. அப்பா, அம்மா, நான், சின்ன அறையில் மாமா. எனக்கு எட்டு வயது. அப்பா யாழ்ப்பாணத்தில் பதினைந்து வருடம் லொறி ஓட்டியவர். லண்டனில் கார் ஓட்டும் சோதனையில் நான்கு முறை தவறியிருந்தார். ஏன் என்று கேட்டால், "சரிவரேல்லை," என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வராது. தமிழ்க் கடைகளுக்குச் சாமான் விநியோகிக்கும் ஒருவர், நவம்பருக்குள் லைசென்ஸ் எடுத்துவிட்டால் வான் ஓட்டும் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். பகல் வேலை.

அதுவரை அப்பாவுக்குப் பெட்ரோல் நிலையத்தில் இரவு ஷிப்ட். நான் பள்ளிக்குப் புறப்படும் நேரத்தில் அவர் வந்து படுப்பார். நான் படுக்கப் போகும் நேரத்தில் எழுந்து போவார். பகலில் எங்கள் வீட்டில் எல்லோரும் கிசுகிசுத்துத்தான் பேசுவோம். தொலைக்காட்சியில் வாய்கள் அசையும், சத்தம் வராது. பகல் வேலை கிடைத்தால் வீட்டுக்குள் சத்தமாகச் சிரிக்கலாம் என்பதுதான் அதில் எனக்கு விளங்கிய லாபம். அந்த லாபம் எனக்குப் பெரிதாகவே தெரிந்தது.

அப்பா தவறியதற்கான காரணத்தை அம்மா தொலைபேசியில் கண்டுபிடித்தார். யாழ்ப்பாணத்துச் சாத்திரியார் ஒருவர் பிறந்த நேரத்தைக் கேட்டு, கொஞ்சம் கணக்குப் பார்த்து, ஏழரைச் சனி என்றார். பரிகாரம், புரட்டாதி மாதத்துச் சனிக்கிழமை விரதம். காலையில் பட்டினி, கோயிலில் எள்ளெண்ணெய் விளக்கு, மதியம் சைவச் சமையல். சமைத்ததில் முதற்பங்கு சனீஸ்வரனின் வாகனமான காகத்துக்கு. காகம் வாய்வைத்த பிறகுதான் விரதக்காரர் சாப்பிடலாம். அந்த வருடப் புரட்டாதியில் ஐந்து சனிக்கிழமைகள் வந்தன. கடைசிச் சனி முடிந்து பத்தாம் நாள், செவ்வாய்க்கிழமை காலை எட்டேமுக்காலுக்கு, அப்பாவின் ஐந்தாவது சோதனை. எல்லாம் பொருந்தி வந்தது. இந்த ஏற்பாட்டில் காகத்தின் சம்மதத்தை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

முதற் சனியன்று அணிலுக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. இரண்டேகாலுக்கு, அடுத்த தெருக் கூரையில் ஏதோ கறுப்பாகத் தெரிகிறது என்று மாமா சத்தியம் செய்ததன் பேரில் அப்பா சாப்பிட்டார்.

இரண்டாம் சனியன்று இரண்டு கடற்காகங்கள் இறங்கித் தட்டைத் துடைத்துவைத்தாற் போலத் தின்றுவிட்டுப் போயின. மாமா இதைப் பெரிய வெற்றியாக அறிவித்தார்.

"கடற்காகமும் காகந்தானே அக்கா?"

"வெள்ளைக் காகத்தை வைச்சுக்கொண்டு சனீஸ்வரன் என்ன செய்யிறது?"

மூன்றாம் சனியன்று மழை. சோறு தட்டில் மிதந்தது. அப்பா சாப்பிட்டபோது மூன்று மணி பத்து நிமிடம். நான்காம் சனியன்று ஓர் உண்மையான காகம் வந்தது. வீடே மூச்சை அடக்கி நின்றது. அது தட்டைச் சுற்றி நடந்து, பருப்பை ஒரு கண்ணாலும் பிறகு மற்றக் கண்ணாலும் பார்த்து, தட்டின் விளிம்பில் தன் அலகைத் துடைத்துக்கொண்டு பறந்தது.

"கோழிப் பொரியல் கடை வாசலில வளந்த காகம் அத்தான்," என்றார் மாமா. "அதுக்குப் பருப்பைக் கண்டு என்ன தெரியும்? நாலு சிப்ஸ் போட்டுப் பாருங்கோ, வினாகிரியோட."

"வந்து பாத்ததே காணும்," என்று அம்மா தீர்ப்புச் சொன்னார். "நீங்கள் சாப்பிடுங்கோ." ஆனால் அவரது முகம் அந்தத் தீர்ப்பை ஏற்றுக்கொள்ளவில்லை. அவரும் அப்பாவோடு சேர்ந்து பட்டினி கிடந்தார் என்பதை நான் அன்றுதான் கவனித்தேன்.

இதே வாரங்களில் குசினி அலுமாரிக்குள் வேறொரு காரியம் நடந்துகொண்டிருந்தது.

அது ஓர் ஊதா நிறப் பெட்டி. முன்பக்கத்தில் உயரமான தொப்பி போட்ட வெள்ளைப் பேய் ஒன்று, கையில் கரண்டியோடு. காலையில் பாலோடு சாப்பிடும் சீரியல். உள்ளே தவிட்டு நிறத் தானியத் துண்டுகள். அவற்றுக்கிடையே பஞ்சு போன்ற மார்ஷ்மலோ இனிப்புகள். வெள்ளையில் பேய், கறுப்பில் வௌவால், செம்மஞ்சளில் பூசணிக்காய். பாலை ஊற்றி இரண்டு நிமிடம் விட்டால் பால் ஊதாவாக மாறும். ஹாலோவீனுக்காகச் செப்டெம்பரில் கடைக்கு வரும். நவம்பர் பிறந்ததும் காணாமற்போகும். பெருக்கல் வாய்பாடு பன்னிரண்டு வரை பாடமாகச் சொன்னதற்குப் பரிசாக அம்மா அதை வாங்கித் தந்திருந்தார். வாங்கிய பிறகுதான் படத்தைச் சரியாகப் பார்த்தார். அன்றிலிருந்து பெட்டி சுவரைப் பார்த்தபடியே அலுமாரியில் நின்றது. வெள்ளிக்கிழமைகளில் அதன்மேல் பாத்திரம் துடைக்கும் துணி ஒன்றும் போர்த்தியிருக்கும். அம்மா அதற்கு வைத்த பெயர் பேய்ப் பெட்டி.

அந்தச் சீரியலுக்காக ஏங்குகிறவர்கள் இன்று ஒரு கூட்டமாகவே இருக்கிறார்கள் என்பது எனக்கு அண்மையில்தான் தெரியவந்தது. என் வயதுக்காரர்கள், கடன் எடுத்து வீடு வாங்கியவர்கள், இணையத்தில் கூடி அந்த ஊதாப் பாலைப் பற்றிப் பேசுகிறார்கள். வெறும் பெட்டியை மடித்துப் பிளாஸ்டிக் உறையிலிட்டு விற்கிறார்கள், வாங்குகிறார்கள். இந்த வருடம் உற்பத்தியாளரே பழைய படத்தோடு மறுபடியும் வெளியிட்டிருக்கிறார். நானும் ஒன்று வாங்கினேன். பால் இப்போது இளநீலத்தோடு நின்றுவிடுகிறது. பேய் கொஞ்சம் மெலிந்திருக்கிறது. பெட்டியின் பக்கவாட்டில் பச்சை வட்டமொன்றில், சைவ உணவினருக்கு ஏற்றது என்று போட்டிருக்கிறார்கள். இந்தக் கூட்டத்தில் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் உண்மை ஒன்று உண்டு: தவிட்டு நிறத் துண்டுகளை ஒருவரும் விரும்பிச் சாப்பிடவில்லை.

நானும் சாப்பிடவில்லை. மார்ஷ்மலோக்களைப் பொறுக்கித் தின்றுவிட்டு மிச்சத்தைக் குப்பைவாளியில் போட்டால் அம்மா கண்டுபிடித்துவிடுவார். ஆகவே காலை ஏழு ஐம்பதுக்கு, சப்பாத்துப் போடப் போகிறேன் என்ற சாட்டில் பின்கதவைத் திறந்து, துண்டுகளை வளவில் எறிந்துவிடுவேன். இரண்டாம் நாள் ஒரு காகம் வந்தது. இடது சிறகில் ஓர் இறகு வெள்ளை. ஐந்தாம் நாள் அது எனக்கு முன்னமே வந்து வேலியில் காத்திருந்தது. தவறி ஒரு மார்ஷ்மலோ விழுந்தால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அதைத்தான் கொத்தும். வௌவாலை முதலில், பேயைப் பிறகு. பூசணிக்காயைத் தொடாது.

வீடே ஒரு காகத்துக்காகத் தவம் கிடக்கும்போது இதை நான் ஏன் சொல்லவில்லை என்று கேட்கலாம். சொன்னால் துண்டுகளை எறிந்ததையும் சொல்ல வேண்டியிருக்கும். அதோடு, என்னுடையது பள்ளி நாட்களில் வரும் காகம். அவர்களுக்குத் தேவைப்பட்டது சனிக்கிழமைக் காகம். எட்டு வயதில் இவை இரண்டும் வேறு வேறு.

ஐந்தாம் சனிக்கிழமை. பன்னிரண்டு இருபதுக்குத் தட்டு வெளியே வந்தது. அம்மா அன்று உழுந்து வடையும் சுட்டிருந்தார். பன்னிரண்டு நாற்பத்தைந்துக்கு வேலியில் ஒரு காகம். இடது சிறகில் வெள்ளை இறகு. அது தட்டைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது. பிறகு என்னை மட்டுமே பார்த்தது.

"கா, கா," என்று அம்மா கூப்பிட்டார், பக்கத்து வீட்டு வெள்ளைக்காரிக்குக் கேட்காத அளவுக்கு மெல்ல. "வா ராசா, வந்து சாப்பிடு."

காகம் அசையவில்லை. ஒரு மணி ஆனது. ஒன்றரை ஆனது. அம்மா கறியைத் திரும்பவும் சூடாக்க உள்ளே போனார். மாமா தொலைபேசியை எடுக்கப் போனார். காலை ஏழு மணிக்கு வேலை முடிந்து வந்த அப்பா, கவிழ்த்து வைத்த பால் கூடையில் இருந்தபடி தூங்கிவிட்டிருந்தார். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. தாடியில் இரண்டு நாள் நரை. பசியோடு தூங்குகிற ஆளை நான் அதற்கு முன் அவ்வளவு அருகில் பார்த்ததில்லை.

நான் அலுமாரியைத் திறந்து, பேய்ப் பெட்டிக்குள் கையை விட்டேன். எண்ணித்தான் எடுத்தேன்: மூன்று பேய், இரண்டு வௌவால். அவற்றைத் தயிருக்குள் பாதி புதைத்துவிட்டு, குசினி வாசலுக்குத் திரும்பி வந்து, ஒன்றும் அறியாத பிள்ளையாக நின்றேன்.

ஒன்று நாற்பத்திரண்டுக்குக் காகம் இறங்கியது. வௌவால் இரண்டையும் முதலில் எடுத்தது. பேய்களைத் தயிருக்குள்ளிருந்து ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தது. அந்தத் தேடலில் கொஞ்சம் சோறும் பருப்பும் அதன் அலகுக்குள் போனதை நான் கண்ணால் கண்டேன்.

"இஞ்சருங்கோ! எழும்புங்கோ! சாப்பிடுது!"

அம்மா கரண்டியோடு ஓடிவந்தார். அப்பா திடுக்கிட்டு எழுந்தார். மாமா தொலைபேசியில் யாருக்கோ நேர்முக வர்ணனை செய்யத் தொடங்கினார். அம்மா அழுதார், சிரித்தார், பக்கத்து வீட்டைப் பற்றிய கவலையில்லாமல் உரத்து முருகனைக் கூப்பிட்டார். அப்பா மூன்று முறை சோறு போட்டுச் சாப்பிட்டார். சனிக்கிழமையில் எங்கள் வீட்டில் அவ்வளவு சத்தம் கேட்டது அன்றுதான்.

"தயிர்தான் வேலை செய்திருக்கு," என்றார் மாமா. "இந்த நாட்டுக் காகத்துக்குப் பால் சாமான்தான் சரி."

நல்ல பேர் எனக்கு இல்லாமல் தயிருக்குப் போனதில் ஒரு வருத்தம் இருந்தது. ஆனால் உள்ளூரப் பெருமைப்பட்டுப் பொறுத்துக்கொண்டேன்.

அந்தப் பெருமிதம் வியாழக்கிழமை வரை நீடித்தது. மாமா ஒரு சூப்பர் மார்க்கெட்டில் அலுமாரித் தட்டுகளில் சாமான் அடுக்கும் வேலை செய்தவர். எந்தப் பெட்டியைக் கண்டாலும் திருப்பிப் பக்கவாட்டைப் படிப்பார். எங்கள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில், கோயிலில் கொடுத்த காகிதம் ஒன்று ஒட்டியிருந்தது. பெட்டியில் எந்தெந்தச் சேர்மான எண் போட்டிருந்தால் மாமிசம் கலந்திருக்கிறது என்ற பட்டியல். மாமா பேய்ப் பெட்டியையும் பட்டியலையும் மாறிமாறிப் பார்த்தார்.

"அக்கா, உது சைவமில்லை. ஜெலட்டின் கிடக்கு."

"அதென்ன சாமான்?"

"மாட்டெலும்பு. இல்லாட்டிப் பண்டித் தோல். அவிச்சு எடுக்கிறது. இந்தப் பஞ்சு இனிப்பெல்லாம் அதுதான்."

 அம்மா பெட்டியை இரண்டு விரலால் பிடித்து, வெளிக் குப்பைத்தொட்டியில் போட்டு, கையைக் கழுவினார், அலுமாரியைக் கழுவினார், பெட்டி பார்த்துக்கொண்டிருந்த சுவரையும் கழுவினார்.

 நான் செய்ததை ஒழுங்காக அடுக்கிப் பார்த்தேன். புரட்டாதிச் சனிக்கிழமை, அப்பாவின் பெயரால், விரதத் தட்டில், சனீஸ்வரனின் வாகனத்துக்கு மாட்டெலும்பும் பன்றித் தோலும் தின்னக் கொடுத்திருக்கிறேன். ஏழரை வருடச் சனி இனி எத்தனை வருடமாகுமோ. அப்பா தவறுவார், ஆறாவது முறையும் தவறுவார், நான் பெரிய பிள்ளையாகிக் கலியாணம் செய்துகொண்டு போகும்வரை நாங்கள் கிசுகிசுத்தே பேசுவோம்.

வெள்ளிக்கிழமை என் பள்ளிச் சாப்பாட்டிலிருந்து பாதியை மீதம் பிடித்துக் கொண்டுவந்து, சைவச் சோறு, பின்வளவில் வைத்தேன். வெள்ளை இறகுக்காரர் வந்தார், பார்த்தார், போனார். சனிக்கிழமை வடை வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன். காகம் வேலியிலிருந்து என் உள்ளங்கைகளை மட்டும் உற்றுப் பார்த்தது. அவற்றுக்குள் வௌவால் இல்லை என்று உறுதியானதும் பறந்துவிட்டது.

திங்கட்கிழமை மாலை ஐந்து மணி. சோதனைக்காக அப்பா வேலைக்கு ஒரு நாள் லீவு எடுத்திருந்தார். கூடத்தில் செய்தித்தாளை விரித்துச் சப்பாத்துக்குப் பொலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் இருந்தேன். சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும், தவிட்டுத் துண்டுகளிலிருந்து தொடங்கி.

அப்பா பிரஷை நிறுத்தாமல் கேட்டார். முடிந்ததும், "எத்தனை போட்டனி?" என்றார்.

"மூண்டு பேய், ரண்டு வௌவால்."

"முழுக்கத் திண்டதோ?"

"ஓம்."

"சோறு?"

"கொஞ்சம். பருப்பும் பட்டது."

அப்பா மற்றச் சப்பாத்தை எடுத்தார். அவரது தோள் ஆடத் தொடங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார், இரவு வேலைக்காரர் வீட்டுப் பழக்கம், சத்தமில்லாத சிரிப்பு.

"அப்பா, நீங்கள் நாளைக்குப் பெயில் விடுவீங்களோ?"

"உன்ர வௌவாலால பெயில் விடமாட்டன், குஞ்சு."

"அப்ப சனீஸ்வரன்?"

"அவர் எத்தினை ஊர் பாத்தவர். லண்டனில வந்து காகம் என்ன தின்னுமெண்டு அவருக்குத் தெரியாதோ?" அப்பா குரலைத் தாழ்த்தினார். "கொம்மாவுக்குச் சொல்லிப்போடாத. பாவம், அவ அஞ்சு கிழமை பட்டினி."

செவ்வாய்க்கிழமை அப்பா எட்டு மணிக்குப் போனார். நானும் அம்மாவும் முன் யன்னலில் நின்றோம். அம்மாவின் கையில் திருநீற்றுக் கிண்ணம். மாமா மாடிப்படியில் இருந்து நகம் கடித்தார். அன்று அவரிடம் பகிடி எதுவும் இருக்கவில்லை. பத்து மணி ஐந்து நிமிடத்துக்குப் பயிற்சிக் கார் வாசலில் வந்து நின்றது. அப்பா இறங்கினார். கையில் ஒரு காகிதம். யன்னலைப் பார்த்து அதை மேலே தூக்கிக் காட்டினார். மாமா படியில் நின்றபடியே ஊளையிட்டார். அம்மா கிண்ணத்தோடு ஓடி, வாசலிலேயே அப்பாவின் நெற்றியில் மூன்று விரலால் இழுத்தார். பயிற்சிக்காரருக்கும், அவர் வெள்ளைக்காரர் என்பதைப் பாராமல், கொஞ்சம் பூசினார்.

"நான் சொன்னனான்தானே," என்று அம்மா அன்று முழுவதும் எல்லோருக்கும் தொலைபேசியில் சொன்னார். "காகம் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டது."

அப்பா என்னைப் பார்த்து ஒரு புருவத்தை மட்டும் உயர்த்தினார்.

நவம்பரில் பகல் வேலை தொடங்கியது. வீட்டில் தொலைக்காட்சிக்குச் சத்தம் வந்தது. அப்பா எவ்வளவு உரத்துச் சிரிப்பார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரி ஒருமுறை சுவரில் தட்டினார். மூன்று பேயும் இரண்டு வௌவாலும்தான் அப்பாவைச் சித்தியடைய வைத்தன என்று நான் உள்ளூர நம்பினேன். ஒன்பது வருடம் நம்பினேன்.

பதினேழு வயதில் நான் கார் பழகினேன். ஒரு நாள் காலை எட்டு நாற்பதுக்கு, அப்பா பக்கத்து இருக்கையில் இருக்க, சோதனைக்குக் கொண்டுபோகும் பாதையில் ஓட்டினேன். ஆரம்பப் பள்ளி ஒன்றின் முன்னால், பிள்ளைகளைத் தெருவைக் கடக்க வைக்கிறவர் நின்றார். முழங்கால் வரை மஞ்சள் கோட்டு, தலையில் தொப்பி, கையில் வட்டப் பலகை பொருத்திய நீளத் தடி. தெருவின் நடுவுக்கு வந்து தடியை ஊன்றி, மற்றக் கையை எங்களை நோக்கி உயர்த்தினார். நான் நிறுத்தினேன்.

அப்பாவின் கை மேலே போய்க் காருக்குள் இருந்த லைட்டைப் போட்டது. நல்ல வெளிச்சமான காலை. மற்றக் கை சட்டைப் பையில் எதையோ தேடியது. பிறகு இரண்டு கையும் நின்றன. அப்பா லைட்டை அணைத்தார்.

பிள்ளைகள் கடந்து முடிந்தார்கள். மஞ்சள் கோட்டுக்காரர் ஓரத்துக்குப் போனார். பின்னாலிருந்த கார் ஹோர்ன் அடித்தது. நான் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எடு, எடு," என்றார். அடுத்த சந்தி தாண்டிய பிறகு சொன்னார்: "நாலு தரமும் இந்த இடந்தான். எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு, லைட்டைப் போட்டு, ஐடென்ரிக் காட்டைக் கையில வைச்சுக்கொண்டு இருந்திட்டன். போ எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை."

யாழ்ப்பாணத்தில் அவர் லொறி ஓட்டிய வருடங்களில், தெருவில் இராணுவச் சீருடைக்காரர் கையை உயர்த்தினால் செய்ய வேண்டியவை அவை: எஞ்சின், உள் லைட், அடையாள அட்டை. செய்யாமல் விட்டவர்கள் சிலரை அப்பாவுக்குப் பெயர் சொல்லித் தெரியும்.

ஐந்தாவது தடவை அவர் சோதனைக்குப் போன செவ்வாய்க்கிழமை, பள்ளிகளுக்கு அரைத்தவணை விடுமுறை. அந்தக் கடவையில் ஒருவரும் நிற்கவில்லை.